படத்தை மேசைமேல் வைத்தல்: அமெச்சூர் புகைப்படச் சங்கங்களில் கலை கைமாறும் விதம்

படம் எடுப்பதைப் பிழைப்பாகக் கொள்ளாத சிலர், தாங்கள் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதற்காகக் கூடும் இடமே அமெச்சூர் புகைப்படச் சங்கம். வங்கி ஊழியர், பல் மருத்துவர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர் என்று அதன் உறுப்பினர் பட்டியல் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். மாதம் ஒன்றிரண்டு கூட்டம், உறுப்பினருக்குள் ஒரு போட்டி, அவ்வப்போது விடியற்காலைப் பயணம், ஆண்டுக்கு ஒரு கண்காட்சி. சந்தா சொற்பம், கூடும் இடம் பெரும்பாலும் இரவல். பாடத்திட்டம் கிடையாது, நியமிக்கப்பட்ட ஆசிரியர் கிடையாது, தேர்ச்சி பெற்றதாகச் சொல்லும் தாளும் கிடையாது. ஆனாலும் நாலைந்து ஆண்டு ஒழுங்காகக் கூட்டத்துக்கு வந்தவரின் படம், அவர் முதல் நாள் கொண்டுவந்த படத்தைப் போல இருப்பதில்லை.

கேமராவை எப்படி இயக்குவது என்பது அதனோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. எடுத்த படத்தில் எதைப் பார்ப்பது என்பது அதில் இல்லை. சங்கம் கைமாற்றித் தருவது இந்த இரண்டாவதைத்தான். அதற்கு அதனிடம் இருக்கும் கருவி ஒன்றே ஒன்று: படத்தை மற்றவர்கள் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு, எடுத்தவர் வாயை மூடிக்கொண்டு கேட்பது. கண்ணைத் திறந்துவிடும் இந்தக் கருவியே, காலப்போக்கில் எல்லாக் கண்களையும் ஒரே மாதிரி ஆக்கிவிடவும் செய்யும். புகைப்படச் சங்கங்களின் வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

மருந்துக் குறிப்பு பகிர்ந்த காலம்

முதல் சங்கங்கள் தோன்றியபோது அழகியல் பேச்சு குறைவு. வேதியியல் பேச்சே அதிகம். 1840-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வழக்கறிஞர்கள் சிலர் கூடி, காகித நெகட்டிவ் முறையான கலோடைப்பைப் பயின்றனர். ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அந்த முறைக்கு இங்கிலாந்தில் வாங்கியிருந்த காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது என்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. எடின்பரோ கலோடைப் கழகம் என்று அறியப்படும் அந்தக் குழுவே உலகின் முதல் புகைப்படச் சங்கமாகக் கருதப்படுகிறது. லண்டன் புகைப்படச் சங்கம் 1853-இல் தொடங்கி, 1894-இல் ராயல் என்ற அடைமொழியைப் பெற்றது. 1855-இல் இங்கிலாந்தில் உருவான ஒரு சிறிய பரிமாற்றக் கழகத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் படத்தின் பிரதிகளை மற்ற எல்லோருக்கும் கொடுத்து, அவர்களிடமிருந்து படம் பெற்று ஆல்பம் சேர்த்தனர்.

இந்தியா பின்தங்கவில்லை. பம்பாயில் 1854, கல்கத்தாவில் 1856, அதையொட்டியே சென்னை என்று மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் லண்டனுக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் சங்கங்கள் எழுந்துவிட்டன. சென்னையில் இதற்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர். 1850-இல் அவர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. இந்த வெயில் ஊரில் படம் எடுப்பதே ஒரு சோதனை. கண்ணாடித் தகட்டில் பூசும் கொலோடியன் கரைசலில் ஈதர் கலந்திருக்கும். வெப்பத்தில் அது சட்டென்று ஆவியாகும். ஈரத்தகடு காய்வதற்குள் படத்தை எடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவியும் ஆகவேண்டும். லண்டனில் அச்சான செய்முறையை இங்கே அப்படியே பின்பற்றினால் தகடு பாழ். எவர் எந்த விகிதத்தை மாற்றினார், காகிதத்துக்கு மெழுகு ஏற்றினால் எத்தனை நாள் தாங்கும், தண்ணீரை எப்படி வடிகட்டினார் என்பதெல்லாம் பக்கத்து ஊரில் அதே வெயிலில் நிற்கும் இன்னொருவரிடம் கேட்டால்தான் தெரியும். சங்கத்தின் தேவை அங்கே பிறந்தது.

அந்தச் சூழலில் வளர்ந்தவர்களில் பெரியவர் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. விடுப்பில் இருந்தபோது சொந்த ஆர்வத்தில் எடுத்த ஹளேபீடு, பேலூர்க் கோயில் படங்களை 1855 சென்னைக் கண்காட்சியில் வைத்தார். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரர் ஆனார். திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அவர் சுற்றி எடுத்தவற்றில், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாகப் பதிந்த தொகுப்பு தனி ரகம்: 21 பிரிண்ட்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். சி. ஐயாசாமி என்ற தமிழர் அவருக்கு உதவியாளராக இருந்து தொழில் பழகினார். ஆர்வலராகத் தொடங்கி, அரசு வேலையாகி, உதவியாளரின் கைக்கும் போன இந்த வழி, 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கருதியதால் அடைபட்டது.

படம் எடுக்கும் ஆர்வம் ஒன்றே போதும், மற்ற வேற்றுமைகள் கதவுக்கு வெளியே நின்றுவிடும் என்று சங்கங்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். கல்கத்தா சங்கம் அதை ஆரம்பத்திலேயே பொய்யாக்கியது. அதன் பொறுப்பாளர்களில் ஒருவரான ராஜேந்திரலால் மித்ரா, 1857-இல் ஒரு பொதுக்கூட்டத்தில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளைக் கடிந்து பேசினார். அந்தப் பேச்சுக்கும் புகைப்படத்துக்கும் தொடர்பே இல்லை. இருந்தும் சங்கத்திலிருந்து அவர் விலக்கப்பட்டார்.

அமெச்சூர் என்ற சொல்லின் எடை

ஈரத்தகட்டுக் காலத்தில் படம் எடுக்க வசதியும் ஓய்வும் வேண்டும். கூடாரம் சுமக்க ஆளும் வேண்டும். 1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் விவரித்த ஜெலட்டின் உலர்தகடு 1880-களில் ஆலையிலிருந்து பெட்டி பெட்டியாக வரத் தொடங்கியபோது நிலைமை மாறியது. 1888-இல் ஈஸ்ட்மனின் கோடாக் கேமரா வந்தது. சுருள் தீர்ந்ததும் கேமராவோடு கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் படங்கள் வந்து சேரும். எல்லோரும் படம் எடுக்கலாம் என்ற நிலை வந்ததும், எல்லோரையும் போல எடுக்க விரும்பாதவர்கள் சங்கங்களில் சேர்ந்தனர். சங்கங்கள் பெருகியது இந்தக் காலத்தில்தான். கைபேசி வந்த பிறகு சங்கங்கள் அழிந்துவிடும் என்று பேசியவர்கள் இந்த முன்கதையை மறந்துவிட்டார்கள்.

அமெச்சூர் என்றால் அரைகுறை என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் அது பெருமைச் சொல்: வாடிக்கையாளருக்காக அல்லாமல் தனக்காக எடுப்பவர் என்று பொருள். லண்டன் சங்கத்தின் போக்கில் அதிருப்தியுற்று ஹென்றி பீச் ராபின்சன் முதலானோர் 1892-இல் லிங்க்ட் ரிங் என்ற குழுவாகப் பிரிந்தனர். நியூயார்க்கில் இரு சங்கங்கள் இணைந்து 1896-இல் உருவான கேமரா கிளப்பின் இதழை ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்தினார். சக உறுப்பினர்களோடு ஒத்துப்போக முடியாமல் 1902-இல் தனிக் குழு கண்டார். சங்கம் வளர்த்துவிடும் ஆள் சங்கத்தோடு முட்டிக்கொள்வது அன்று முதல் இன்றுவரை ஓயவில்லை.

பெண்கள் பொதுவாகச் சங்கங்களில் சிறுபான்மையாகவே இருந்தனர். விதிவிலக்குகள் உண்டு. 1919-இல் பிறந்த இரட்டையர்களான மனோபீனா, தேபலீனா சகோதரிகளுக்கு அவர்களுடைய பன்னிரண்டாம் பிறந்தநாளில் தந்தை ஆளுக்கொரு பிரௌனி கேமரா கொடுத்தார். அவரே சங்கங்களில் ஈடுபட்ட ஆர்வலர். இரு மகள்களும் இளவயதிலேயே ஐக்கிய மாகாண அமெச்சூர் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்து கண்காட்சிகளுக்குப் படம் அனுப்பினர். மனோபீனா பின்னர் திரைப்பட இயக்குநர் பிமல் ராயை மணந்தார், கேமராவை விடவில்லை.

கூட்ட மாலை

சங்கத்தின் மையம் மாதக் கூட்டம். அதன் வடிவம் நூறு ஆண்டாகப் பெரிதாக மாறவில்லை. உறுப்பினர்கள் கொண்டுவரும் படங்கள் பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாகத் தாங்கியில் ஏற்றப்படும், அல்லது திரையில் ஓடும். வெளியிலிருந்து வந்த நடுவரோ மூத்த உறுப்பினரோ அதைப் பற்றிப் பேசுவார். பெயரை மறைப்பதில் ஒரு பயன்: முகத்துக்காகப் புகழவும் வேண்டாம், முகத்துக்கு அஞ்சி மழுப்பவும் வேண்டாம். எடுத்தவர் கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருப்பார். சின்னச் சங்கங்களில் அது யாருடைய படம் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பது வேறு விஷயம்.

புதிய உறுப்பினர் ஒருவர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியலில் எடுத்த படத்தைக் கொண்டுவருகிறார் என்று கொள்வோம். வலையை உதறும் இருவர், பின்னால் படகுகள், மெல்லிய பனி. ஒளி நன்றாக இருக்கிறது. நடுவர் அதைப் பற்றிப் பேசாமல், இடது மூலையில் கிடக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தைக் காட்டி, இது இங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்கிறார். எடுத்தவர் அப்போதுதான் அந்தக் குடத்தைப் பார்க்கிறார். படம் எடுத்தபோது அது கண்முன் இருந்தது, கண்ணில் படவில்லை. வலை உதறுபவர்மேல் மனம் நின்றதால் மூளை குடத்தைக் கழித்துவிட்டது. கேமராவுக்கு அப்படிக் கழிக்கத் தெரியாது. அடுத்த ஞாயிறு அவர் ஷட்டரை அழுத்துமுன் சட்டகத்தின் நான்கு மூலைகளையும் ஒரு சுற்று பார்ப்பார். எந்தப் புகைப்படப் பாடநூலிலும் மூலைகளைப் பாருங்கள் என்று எழுதியிருக்கும். அவரும் படித்திருப்பார். முப்பது பேர் முன்னால் அந்தக் குடம் மஞ்சளாக நின்ற பிறகுதான் அது பழக்கமாகிறது.

பழைய உறுப்பினர்கள் சிலரிடம் ‘ட’ வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள் இருக்கும். அவற்றை எதிரும் புதிருமாகப் பிரிண்ட்மேல் வைத்து நகர்த்தினால், படத்தின் எல்லை சுருங்கி விரியும். வானத்தைப் பாதி வெட்டினால் என்ன, வலப்புறப் படகை விட்டுவிட்டால் என்ன என்று கண்ணெதிரே காட்டலாம். பேசாமலே நடக்கும் விமரிசனம் அது. கணினியில் கிராப் செய்வது இதே வேலைதான். ஆனால் அங்கே ஒருவர் தனியாக உட்கார்ந்து வெட்டுகிறார். இங்கே கூடியிருப்பவர்கள் அட்டை நகர நகர, போதும், இன்னும் கொஞ்சம் என்று சொல்கிறார்கள்.

விமரிசனத்துக்குப் படிகள் உண்டு. தொடுவானம் சாய்ந்திருக்கிறது, வெள்ளைச் சட்டையில் விவரம் போய்விட்டது, கண்ணில் ஃபோகஸ் இல்லை என்பவை முதல் படி. எவரும் சொல்லலாம், எவரும் ஏற்பார். எங்கே நின்றிருக்கலாம், எப்போது அழுத்தியிருக்கலாம் என்பது இரண்டாம் படி. இதில் அனுபவம் பேசும். இந்தப் படத்தை ஏன் எடுத்தீர்கள் என்பது மூன்றாவது. பெரும்பாலான சங்கங்கள் இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதைக் கேட்டால் மனம் நோகும், பதில் சொல்ல மொழி வேண்டும், நேரமும் பிடிக்கும். நாற்பது படத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய நடுவருக்குக் குடமும் தொடுவானமும் வசதியானவை.

நேரில் கூட முடியாதவர்களுக்காகப் பிரிட்டனில் தபால் வழிச் சங்கங்கள் தோன்றின. படங்கள் அடங்கிய பெட்டி ஒன்று உறுப்பினர் வீடுகளுக்கு வரிசையாகத் தபாலில் போகும். பெறுபவர் மற்றவர்களின் ஒவ்வொரு படத்துக்கும் கருத்தெழுதி, போன சுற்றில் தாம் வைத்த படத்தை அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புகளோடு எடுத்துக்கொண்டு, புதிய படத்தை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார். எழுதிச் சொல்லும்போது அவசரம் குறையும். திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கவும் முடியும். பேச்சு விமரிசனத்தைவிட இது கூர்மையாக அமைந்ததில் வியப்பில்லை.

கை சொல்லித்தருவது

கண்ணுக்கு அடுத்தது கை. ஃபிலிம் காலத்துச் சங்கங்களின் பெரிய சொத்து இருட்டறை. என்லார்ஜர் வாங்க வசதியில்லாதவருக்கு அது கருவிக்கூடம், வசதியுள்ளவருக்கும் பள்ளிக்கூடம். காகிதத்தின் ஒரு துண்டில் ஐந்து, பத்து, பதினைந்து விநாடி என்று படிப்படியாக ஒளி காட்டி எடுக்கும் சோதனைக் கீற்று, கம்பி நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டால் நிழல் பகுதியை மறைத்து வெளிச்சம் குறைப்பது, இரு கைகளையும் குவித்து இடைவெளி வழியாக வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி விடுவது — இவற்றைப் படித்துக் கற்பது கடினம். கம்பியை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் அதன் நிழல் படத்தில் விழும். எவ்வளவு வேகத்தில் ஆட்டுவது? சிவப்பு விளக்கின் அடியில் இன்னொருவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத் தெரியும். பிரிண்ட் காய்ந்தபின் தூசு விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் நிரப்புவதும் அப்படித்தான். மையைத் தொட்டு, முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மீதியால் புள்ளி வைக்கவேண்டும்.

இந்தக் கைமாற்றம் குரு சீட உறவாகவே சில ஊர்களில் வளர்ந்தது. தஞ்சையில் 1932-இல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், இந்தியக் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடிகளில் ஒருவர். அவரை உருவாக்கியவர் ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்த ஆர்வலர். பெருமாளும் தம் பங்குக்கு அடுத்த தலைமுறையில் பலரைக் காட்டுக்கு அழைத்துப்போய்ப் பழக்கினார். 2017-இல் அவர் மறைந்தபோது அவரை ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டவர்கள் பலர். பெங்களூர் இத்துறையில் ஓங்கியதற்கு அருகிலுள்ள காடுகள் ஒரு காரணம் என்றால், இப்படி ஒருவர் பின் ஒருவராகக் கற்பித்த சங்கிலி இன்னொன்று. வழக்கறிஞராகப் படித்து, கொழும்பில் பியானோக் கலைஞராக விளங்கிய லயனல் வென்ட், 1930-களில் இலங்கைப் புகைப்படச் சங்கத்துக்கு உயிரூட்டியவர்களில் முதன்மையானவர். சோலரைசேஷன், மொன்டாஜ் போன்ற இருட்டறைச் சோதனைகளை அங்கே அறிமுகமாக்கியதும் அவரே. 1944-இல் அவர் இறந்ததும் அந்த வேகம் தணிந்தது. ஒரே ஒருவரின் ஆர்வத்தில் ஓடும் சங்கங்களின் பலவீனம் அது.

டிஜிட்டல் கேமரா வந்தபின் கற்பிக்கும் திசையே திரும்பியது. இருட்டறையில் நாற்பது ஆண்டு பழகிய மூத்தவர், கர்வ்ஸ், லேயர், ரா கோப்பு இவற்றுக்காகக் கல்லூரி மாணவர் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. சிலர் அந்தக் கட்டத்தில் சங்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். தங்கியவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: மென்பொருளில் நிழலைத் தூக்குவதற்கும் வானத்தைக் கறுப்பாக்குவதற்கும் உள்ள கருவிகளுக்கு டாட்ஜ், பர்ன் என்று இருட்டறைப் பெயர்களே இருந்தன. எங்கே எவ்வளவு என்பதை மூத்தவர் சொல்ல, எந்தப் பொத்தான் என்பதை இளையவர் காட்டினார்.

கூட்டமாகப் போய்த் தனித்தனியாக எடுப்பது

விடியற்காலைப் பயணம் எல்லாச் சங்கத்திலும் உண்டு. கூட்டத்துக்கு வராத உறுப்பினரும் இதற்கு வருவார். சென்னையில் வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்கள் இந்த நடையையே மையமாக வைத்து வளர்ந்தவை. உறுப்பினர் சந்தா, செயற்குழு என்ற பழைய சட்டதிட்டம் இல்லாமலே ஞாயிறுதோறும் காசிமேட்டிலோ மயிலாப்பூரிலோ கூடமுடியும் என்று காட்டியவை. நடையில் பேச்சு குறைவு. ஒருவர் தரையோடு படுத்து எடுப்பதைப் பார்த்து இன்னொருவர் படுக்கிறார். சூரியனை முதுகுக்குப் பின் வைத்தே பழகியவர், எதிர்வெயிலில் நிற்பவரைக் கண்டு திரும்புகிறார். நடையின் உண்மையான பாடம் அடுத்த கூட்டத்தில் கிடைக்கிறது. ஒரே தெப்பக்குளம், ஒரே காலை, பத்துப் பேர் படம். தனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று திரும்பிய இடத்தில் பக்கத்தில் நின்றவருக்குப் படம் கிடைத்திருக்கிறது.

இதன் மறுபக்கம் கொஞ்சம் கசப்பானது. இருபது கேமரா ஒரே நேரத்தில் ஒரு குப்பத்துக்குள் நுழைவது அங்கே வாழ்பவருக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வியைப் பல குழுக்கள் தாமதமாகவே கேட்டுக்கொண்டன. குலசேகரன்பட்டினம் தசராவில் வேடமிட்டவரைச் சுற்றி நிற்கும் லென்ஸ் வளையம், சமயங்களில் பக்தர் வளையத்தைவிடத் தடிமனாக இருக்கிறது. அனுமதி கேட்பது, எடுத்த படத்தைக் காட்டுவது, பிரிண்ட் போட்டுக்கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய குழுக்கள் உண்டு. மூன்றாவது விதிதான் அதிகம் மீறப்படுகிறது. பறவைப் படத்தில் இது இன்னும் கடுமை. கூட்டை மறைக்கும் கிளையை விலக்கிப் படம் எடுத்தால், தாய்ப் பறவை கூட்டைக் கைவிடும், அல்லது காக்கைக்கும் பருந்துக்கும் கூடு தெரிந்துபோகும். முன்பு கூட்டுப் படங்கள் போட்டிகளில் பரிசு வாங்கியவை. இப்போது இந்தியச் சங்கங்கள் பலவும் அவற்றை ஏற்பதில்லை. எடுக்கக் கற்றுத்தந்த இடமே எடுக்கக் கூடாததையும் கற்றுத்தர வேண்டி வந்தது.

சலூனும் எழுத்துகளும்

சங்கத்துக்கு வெளியே படத்தை அனுப்பும் வழிக்குச் சலூன் என்று பெயர். பாரிஸின் ஓவியக் கண்காட்சி மரபிலிருந்து வந்த சொல். சங்கம் ஒன்று போட்டி அறிவிக்க, பல நாடுகளிலிருந்து படங்கள் வரும். நடுவர்கள் மதிப்பெண் இட, தேறியவை காட்சிக்கும் அட்டவணைக்கும் போகும். இவற்றை ஒழுங்குபடுத்த 1950-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபியாப் என்ற உலகச் சம்மேளனம் உருவானது. இந்தியச் சங்கங்களின் கூட்டமைப்பு 1953-இல் அமைந்தது. அதைப் பல ஆண்டு கட்டிக் காத்தவர்களில் ஒருவரான பெங்களூர் ஜி. தாமஸ், இந்தியப் புகைப்பட வரலாற்றை நூலாக எழுதியவரும் ஆவார். சலூன்களில் ஏற்கப்பட்ட படங்களின் எண்ணிக்கையை வைத்து ஃபியாப் பட்டங்கள் வழங்குகிறது. ராயல் புகைப்படச் சங்கம் தரும் பட்டங்களின் முறை வேறு: லைசென்ஷியேட்டுக்கு 10 படம், அசோசியேட்டுக்கு 15, ஃபெல்லோவுக்கு 20 என்ற அளவில் ஒரு தொகுப்பைக் கொடுக்கவேண்டும், படங்கள் தனித்தனியாக நன்றாயிருந்தால் போதாது, ஒன்றோடொன்று பேசவேண்டும். எண்ணிக்கையைவிடத் தொகுப்பைக் கேட்கும் இரண்டாம் முறையே எடுப்பவரை அதிகம் சோதிக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஊர்ச் சங்கத்தின் உறுப்பினருக்குச் சலூன் பெரிய ஊக்கம். தன் படம் முன்பின் தெரியாத நாட்டில் சுவரில் தொங்குகிறது என்பது சாதாரண மகிழ்ச்சியா? ஆனால் சலூன் நடுவர் ஒரு படத்துக்குத் தருவது சில விநாடிகள். அந்தச் சில விநாடிக்குள் கண்ணைப் பிடிக்கும் படமே தேறும். எது பிடிக்கிறது என்பது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒளிக்கற்றையில் பீடி புகைக்கும் முதியவர், குடை பிடித்த இளந்துறவி, தூசி பறக்க ஓடும் மாடுகள், வாயில் மீனோடு எழும் மீன்கொத்தி. முதலில் இவற்றை எடுத்தவருக்கு அது கண்டுபிடிப்பு. ஐந்நூறாவது ஆள் எடுக்கும்போது, முதியவருக்குக் கூலி கொடுத்து, கூரையில் ஓட்டை போட்டு, சாம்பிராணிப் புகை விட்டு எடுக்கிறார். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. மேசைமேல் வைத்துப் பார்த்த பழக்கம் மதிப்பெண்ணாக இறுகியதன் விளைவு அது.

சாவ் பாவ்லோவின் எடுத்துக்காட்டு

அதே போட்டி முறை வேறுவிதமாகவும் வேலைசெய்யும் என்பதற்கு பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரச் சங்கம் சான்று. 1939-இல் தொடங்கி, பின்னர் திரைப்படப் பிரிவும் சேர்ந்ததால் ஃபோட்டோ சினே கிளப் பண்டெய்ராண்டே என்று பெயர் கொண்ட இச்சங்கத்துக்கு 1943 முதல் நாற்பது ஆண்டுக்கும் மேலாகத் தலைவராக இருந்தவர் எட்வார்டோ சால்வடோரே என்ற வழக்கறிஞர். உறுப்பினர்கள் வணிகர், பொறியாளர், வங்கி எழுத்தர் என்று வழக்கமான கலவைதான். மாதப் போட்டி, மற்றவர் முன் விமரிசனம், கூட்டுப் பயணம், உலகச் சலூன், 1946 முதல் தனி இதழ். இதில் எதுவும் புதிதல்ல.

வேறுபாடு, உள்ளே வந்த ஆட்கள் கொண்டுவந்த படங்களைச் சங்கம் எப்படி எதிர்கொண்டது என்பதில் இருந்தது. ஹங்கேரியில் பிறந்த தோமாஸ் ஃபர்காஸ் கேமராக் கடைக்காரர் குடும்பத்துப் பிள்ளை. பதினெட்டு வயதில் சேர்ந்தார். கட்டடங்களின் கோடுகளையும் நிழல்களையும் படமாக்கினார். ஜெரால்டோ டி பாரோஸ் வங்கியில் வேலைபார்த்த ஓவியர். நெகட்டிவை ஊசியால் கீறினார், ஒரே ஃபிலிமில் படத்தின்மேல் படம் எடுத்தார். கீறல் விழுந்த நெகட்டிவ் என்றால் சங்கத்தில் வெட்கப்படவேண்டிய விஷயம். இவர் வேண்டுமென்றே கீறினார். மூத்தவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அவருக்கு இடம் இருந்தது. 1950-51-இல் நகரின் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய ஃபோட்டோஃபோர்மா கண்காட்சி நடந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து, தொப்பிகளில் வைக்கும் செயற்கைப் பூக்களைச் செய்து பிழைத்த கெர்ட்ரூட் ஆல்ட்ஷுல் 1950-களின் தொடக்கத்தில் சேர்ந்தார். பூத்தொழிலில் இலைகளோடு பழகிய கண் அவருக்கு. பப்பாளி இலையின் நரம்புகளை வெள்ளிச் சரிகைபோலக் காட்டும் அவருடைய படம் இன்று உலகப் புகழ் பெற்றது. 1953-இல் சாவ் பாவ்லோவின் ஈராண்டுக் கலைக் கண்காட்சியான பியன்னாலேயில் சங்க உறுப்பினர்களின் படங்கள் இடம்பெற்றன.

இந்த ஆர்வலர்களைப் பல ஆண்டு எவரும் கலை வரலாற்றில் சேர்க்கவில்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1946 முதல் 1964 வரையான அவர்களுடைய படங்களை 2021-இல் தனிக் கண்காட்சியாக வைத்தபோது, புகைப்படச் சங்க இயக்கம் என்று பொருள்படும் ஃபோட்டோகிளூபிஸ்மோ என்ற சொல்லையே அதற்குத் தலைப்பாக்கியது.

சங்கங்கள் விட்டுச்செல்வது

இத்தகைய மீள்கண்டுபிடிப்புக்குச் சங்கத்தின் காகிதங்கள் பிழைத்திருக்க வேண்டும். இதழ்கள், போட்டி முடிவுகள், சலூன் அட்டவணைகள், கூட்டக் குறிப்பேடு ஆகியவை எல்லாம் இருந்தால் யார் யாரிடமிருந்து எதைக் கற்றார் என்பது தெரியவரும். சொந்தக் கட்டடம் இல்லாத சங்கங்களில் அவை செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கும். அவருக்குப் பின் பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஈரப்பதமுள்ள ஊர்களில் ஸ்லைடுகளில் பூஞ்சை படர்கிறது, பிரிண்ட்களை வெள்ளிப்பூச்சி அரிக்கிறது. டிஜிட்டல் காலத்தின் நிலை இன்னும் மோசம்: போட்டிக்கு வந்த கோப்புகள் யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, அல்லது இல்லை. திரையில் காட்டுவது எளிதான பிறகும் மாதம் ஒரு பிரிண்ட் போட்டி கட்டாயம் என்று சில சங்கங்கள் பிடிவாதமாக வைத்திருப்பதற்குக் காகிதத்தின் இந்த ஆயுளும் ஒரு காரணம்.

பிழைத்த பழைய பிரிண்ட்களில் ஆய்வாளர் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்புறத்தை. சலூன் ஒவ்வொன்றும் தேறிய படத்தின் முதுகில் தன் சீட்டை ஒட்டியோ முத்திரை குத்தியோ அனுப்பியது. தலைப்பு, எடுத்தவர் பெயர், சங்கத்தின் பெயர் இவற்றுக்குக் கீழே ஊர் ஊராகச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரத்தில் பென்சிலால், வானத்துக்கு இன்னும் பத்து விநாடி என்பதுபோல ஒரு குறிப்பும் சில சமயம் இருக்கும்.